அப்பத்தாவுக்கு நினைவு மலர்: வயசு, போட்டோ, பாட்டு, பக்குவம் எல்லாம் எப்படிச் சேர்ப்பது?

வலசுக்காரன் கேட்டது:

வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் ஒரு வலசு (சின்னக் குடியிருப்பு) எங்களுது. அப்பத்தா போன ஐப்பசியில் தவறினாங்க. கல்யாணச் சாவு. பேரன்மார் நெய்ப்பந்தம் பிடிச்சு மேளத்தோட அனுப்பி வெச்சோம். வர்ற தலைத்திதிக்கு (முதல் வருஷத் திதிக்கு) ஒறம்பரைக்கு, அதாவது சொந்தக்காரங்களுக்கு, கையில் குடுக்க ஒரு சின்ன மலர் போடலாம்னு இருக்கோம். "கண்ணீர் அஞ்சலி", "அன்பின் சிகரமே" மாதிரி எதுவும் வேண்டாம். அவங்க சிரிச்சது, பாடினது, சமைச்சது, பேசினது, இதெல்லாம் வரணும்.

இன்னும் நாலு மாசம் இருக்குது. 150 பிரதி போதும். கையில் இருக்கறது: போட்டோ சுமார் 60 (சிலது கண்ணாடிச் சட்டத்துக்குள்ள), ஆடியோ கேசட் 2, ஒரு காதுகுத்து வீடியோ கேசட், டிரங்குப் பெட்டி நிறையப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு.

முதல் சிக்கல் வயசு. ஆதாரில் 01-01-1930. வாக்காளர் அட்டைப்படி பாத்தா 91 தான் வருது. பெரியப்பா 97 என்கறார். பிறந்த தேதி எழுதின சீட்டு எதுவும் கிடையாது. இரண்டாவது, 60 போட்டோவில் பாதிக்கு எந்த வருஷம்னு தெரியலை. மூணாவது, சொந்தக்காரங்ககிட்டக் கேட்டா "தங்கமான மனுசி"ங்கறதுக்கு மேல ஒண்ணும் வரமாட்டேங்குது. எங்கிருந்து ஆரம்பிக்கறதுங்க?

---

பழந்தாள்:

வயசை முதலில் முடிச்சுட்டு மத்ததுக்குப் போங்க. அது சரியில்லைனா மலரில் வர்ற எல்லா வருஷமும் சாயும்.

ஆதாரில் ஜனவரி 1 இருந்தாலே அது ஊகம்னு வெச்சுக்கலாம். வருஷம் மட்டும் வாயால சொன்னவங்களுக்கு அப்படித்தான் விழும். வாக்காளர் அட்டை வயசும் யாரோ வாசலில் நின்னு கேட்டு எழுதினது. இரண்டையும் சாட்சியா எடுக்காதீங்க. டிரங்குப் பெட்டியில் இருக்கற பழைய கிரயப் பத்திரம், பாகப் பிரிவினைப் பத்திரத்தைப் பாருங்க. "இன்னார் மனைவி, சுமார் வயது 28" மாதிரி எழுதியிருப்பாங்க. அதுவும் "சுமார்" தான். ஆனா வேற வேற வருஷத்து மூணு பத்திரம் கிடைச்சு, மூணும் இரண்டு வருஷ இடைவெளிக்குள்ள ஒரே பிறந்த வருஷத்தைக் காட்டினா அதை நம்பலாம். அசல் இல்லைனா பதிவான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைக்கும். வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தில் பதிவான பத்திரங்களோட பட்டியல்) கேட்டு மனுப் போட்டால் பத்திர எண்ணும் வருஷமும் வந்துடும்.

அடுத்தது, அவங்க சொல்லிட்டிருந்த பேச்சு. ஊர் நிகழ்ச்சியோட ஒட்டிப் பாக்கணும். நம்ம பக்கத்துக்கு ஆகிற சில வருஷங்கள்: மேட்டூர் அணை திறந்தது 1934. கீழ்பவானி அணை வேலை 1948இல் ஆரம்பிச்சு 1955இல் முடிஞ்சுது. காந்தி இறந்தது 1948 ஜனவரி 30. அணா போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. ஆழியாறு அணை 1962. இந்தி எதிர்ப்பு 1965. அண்ணா மறைவு 1969 பிப்ரவரி 3. "அப்ப எனக்கு எத்தனை வயசு"ன்னு அவங்க சொல்லியிருக்க மாட்டாங்க. "அப்ப மூத்தவன் இடுப்புல", "அப்ப நடுவுலவன் வவுத்துல"ன்னு தான் சொல்லியிருப்பாங்க. அதுவே போதும், பிள்ளைகள் வயசை வெச்சுப் பின்னாடி போகலாம்.

இதில் மூணு இடத்தில் கால் வழுக்கும். ஒண்ணு, வாய்க்கால் தண்ணி தலைமடைக்கும் கடைமடைக்கும் ஒரே வருஷத்தில் வந்திருக்காது. அதனால "தண்ணி வந்த வருஷம்"ங்கறதை அணை வருஷத்தோட அப்படியே ஒட்டாதீங்க. இரண்டு, நயா பைசா வந்த பிறகும் பல வருஷம் சனங்க அணாக் கணக்கில் தான் பேசினாங்க. மூணாவது, "தாது வருஷப் பஞ்சம்". அது 1876-78. அறுபது வருஷச் சுற்றில் தாது மறுபடி 1936இல் வந்துது. அப்பத்தா தாது வருஷப் பஞ்சக் கதை சொல்லியிருந்தா அது அவங்க பாட்டி காலத்துக் கதை. அவங்க பிறப்போட சேத்துக் குழப்பிக்காதீங்க. ஒருத்தருக்கு 97 ஆகறது இந்த மாதிரி இடத்தில் தான்.

தமிழ் வருஷப் பேர் எங்காச்சும் கிடைச்சா அது தங்கம். பிரமோதூத 1930, பிரஜோற்பத்தி 1931, ஆங்கீரச 1932, ஸ்ரீமுக 1933, பவ 1934. ஆனா வருஷம் பிறக்கறது சித்திரையில். பிரமோதூத வருஷம் தை மாசம்னா அது 1931 ஜனவரி-பிப்ரவரி. இதைக் கவனிக்காமப் போட்டா ஒரு வருஷம் தப்பும்.

மூத்த மகனோட பள்ளிக்கூடச் சான்றிதழை மட்டும் அப்படியே எடுத்துக்காதீங்க. ஜூன் மாசம் சேக்கறதுக்குத் தோதா வாத்தியார் போட்ட தேதி அந்தக் காலத்தில் ரொம்ப சகஜம். கடைசி வரைக்கும் ஒரு வருஷம் கிடைக்கலைனா "1930-31 வாக்கில்"னு போடுங்க. பொய்யான தேதியை விட அது கௌரவம்.

இன்னொண்ணு. பிறந்த ஊர் எழுதறப்ப மாவட்டம் பாத்து எழுதுங்க. காங்கேயம், தாராபுரம் பக்கமெல்லாம் அன்னிக்குக் கோயம்புத்தூர் ஜில்லா. 1979இல் பெரியார் மாவட்டம் ஆச்சு, பின்னாடி அதுக்கே ஈரோடுன்னு பேர் மாறிச்சு, 2009இல் திருப்பூருக்குப் போச்சு. ஒரே வீட்டில் இருந்துகிட்டே மூணு நாலு ஜில்லா பாத்தவங்க. பழைய தாள் தேடறப்பவும் இது ஞாபகம் இருக்கணும்.

---

நிழல்பெட்டி:

போட்டோவுக்கு வர்றேன்.

வருஷம் கண்டுபிடிக்க முகத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி படத்தைத் திருப்புங்க. ஸ்டுடியோ முத்திரை இருக்கும். விலாசத்தில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தா 1972 ஆகஸ்ட்டுக்குப் பின்னாடி. "மெட்ராஸ் ஸ்டேட்"னு இருந்தா 1969க்கு முன்னாடி அடிச்ச முத்திரை (பழைய முத்திரையையே தேயற வரைக்கும் குத்தற கடைக்காரங்களும் உண்டு, அதனால இதை மட்டும் நம்பாதீங்க). ஓரம் அலையலையா வெட்டின கறுப்பு வெள்ளைப் படம்னா பெரும்பாலும் ஐம்பது, அறுபதுகள். கலர் படம் சிவப்பேறி வெளுத்திருந்தா எழுபதுகளோட கடைசி, எண்பதுகள். அதுக்கப்புறம் படத்தில் இருக்கற சின்னக் குழந்தையைப் பாருங்க. பெரியவங்க வயசைக் கண்ணால் சொல்ல முடியாது, குழந்தை வயசைச் சொல்லலாம். அந்தக் குழந்தை இன்னிக்கு யாருன்னு தெரிஞ்சா படத்துக்கு வருஷம் ஒண்ணு முன்னப்பின்ன கிடைச்சிரும்.

ஸ்கேன்: போஸ்ட்கார்டு அளவுப் படம் 600 டிபிஐ, பாஸ்போர்ட் அளவு 1200. கணக்கு சுலபம்: அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேணும். இரண்டு அங்குலப் படத்தை 600இல் எடுத்தா 1200 புள்ளி, நாலு அங்குலம் வரைக்கும் பெருசாக்கலாம். கறுப்பு வெள்ளையா இருந்தாலும் கலரிலேயே ஸ்கேன் பண்ணுங்க. கறையை எடுக்கறப்ப அது உதவும். ஒரு பிரதி டிஃப் கோப்பா வெச்சுட்டு, ஜேபெக்கில் வேலை செய்யுங்க.

கண்ணாடிச் சட்டம் தான் ஆபத்தான இடம். நம்ம வீடுகளில் சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டி, சந்தனம் குங்குமம் வெச்சு, ஈரம் இறங்கி, படம் கண்ணாடியோட ஒட்டியிருக்கும். இழுத்தா முகம் கண்ணாடியில் நின்னுக்கும். ஒட்டியிருக்கறது தெரிஞ்சா பிரிக்கவே பிரிக்காதீங்க. பின்பலகையை மட்டும் கழட்டி, வெளிக் கண்ணாடியைத் துடைச்சு, கண்ணாடியோடவே ஸ்கேன் பண்ணுங்க. செல்போனில் எடுக்கறதா இருந்தா வாசல் நிழலில், நேர் வெயில் படாம, படத்துக்கு நேர் மேல இருந்து. மின்விளக்கு அணைச்சிருக்கணும். எடுக்கறவரோட சட்டை வெள்ளையா இருந்தா கண்ணாடியில் தெரியும், கருப்புத் துணி போத்திக்குங்க.

பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டின படத்துக்கு அடியில் நைலான் நூலை விட்டு, அறுக்கற மாதிரி மெதுவா இழுத்தா வரும். லேமினேஷன் மட்டும் பண்ணீறாதீங்க. சூடு பட்டா திரும்பாது. படத்துக்குப் பின்னாடி பேனாவில் எழுதாதீங்க, பென்சில். கரையானும் ராமபாணப் பூச்சியும் தகரப் பெட்டிக்குள்ளயும் வரும்.

கேசட்: போட்டதும் பிளே அழுத்தக் கூடாது. முதலில் கடைசி வரைக்கும் ஓட்டி, திரும்பச் சுத்தணும். வருஷக்கணக்கா ஒரே இடத்தில் இறுகின நாடா அப்பத்தான் தளரும். நாடா ஓரத்தில் வெள்ளையாப் பூஞ்சை தெரிஞ்சா நீங்க தொடாதீங்க, டேப் மாத்திக் குடுக்கறவங்ககிட்டப் போயிருங்க. ஓட்டினா பூஞ்சை ஹெட்டில் ஏறி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். ஒலியை ஸ்பீக்கர் முன்னாடி செல்போன் வெச்சுப் பிடிக்காம, ஹெட்போன் துளையிலிருந்து வயர் போட்டுக் கணினியில் வேவ் கோப்பா எடுங்க. 60 நிமிஷக் கேசட்டுன்னா பக்கத்துக்கு 30 நிமிஷம், அவ்வளவு நேரம் உக்காரத் தான் வேணும். வாட்ஸ்அப்பில் பகிரும்போது டாக்குமெண்ட்டா அனுப்பணும். படமா, வாய்ஸா அனுப்பினா சுருக்கிரும். சொந்தக்காரங்ககிட்டப் படம் கேக்கறப்பவும் இதையே சொல்லிருங்க. இல்லைனா அச்சில் தாளே தெரியும், மூஞ்சி தெரியாது.

---

பொடக்காளி:

"தங்கமான மனுசி"க்கு மேல வரலைனா தப்பு கேள்வியில் இருக்குது கண்ணு. "அப்பத்தாவைப் பத்திச் சொல்லுங்க"ன்னு கேட்டா எல்லாரும் மேடைப் பேச்சுத் தான் பேசுவாங்க. பொருளைக் கையில் குடுத்துக் கேளுங்க.

பித்தளை அண்டா, குடம், தூக்குப் போசி எல்லாத்தையும் வாசலுக்குக் கொண்டு வந்து கவுத்து வையுங்க. சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டியிருக்கும், பலதில் தேதியும் இருக்கும். தேஞ்சு போயிருந்தா அரிசி மாவைத் தேச்சுத் துடைச்சுட்டு, பக்கவாட்டில் டார்ச் அடிச்சுப் பாத்தா எழுத்து எந்திரிக்கும். அதைப் படம் பிடிச்சுக்குங்க. அப்புறம் வயசான ஒருத்தர்கிட்ட "இந்தப் போசி ஆர் வீட்டுச் சீரு?"ன்னு கேட்டுப் பாருங்க, அரை மணி நேரம் நிறுத்தாமச் சொல்லுவாங்க. ஆட்டாங்கல், உரல், ராட்டை, வெத்தலைப் பொட்டி, முறம், எது மிச்சமோ அது.

யார்கிட்டப் போறதுங்கறதுக்கு வரிசை இருக்குது. முதலில் அப்பத்தாவோட பொறந்த வீட்டு ஆளுங்க, அவங்களோட தம்பி தங்கச்சி யாராச்சும் இருந்தா. சின்ன வயசுக் குறும்பு அங்கதான் கிடைக்கும், புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அடுத்து கொழுந்தியா, ஓரகத்தி. அப்புறம் பக்கத்துத் தோட்டத்துக்காரங்க, ஒட்டுக்காக் களையெடுக்கப் போனவங்க. மகன்மாரை கடைசியா வெச்சுக்குங்க. மகன் அம்மாவைப் பத்திச் சொன்னா எல்லாம் தியாகமா இருக்கும், எகத்தாளமும் சிரிப்பும் மருமகள்ககிட்டத் தான் வரும்.

கேக்கறது இப்படி இருக்கட்டும்: எந்தத் தம்பி கல்யாணத்துக்கு இணைச்சீர் (மாப்பிள்ளையோட கூடப் பொறந்தவ செய்யற சீர்) செஞ்சாங்க? எழுதிங்கள் சீர் (கல்யாணமான பொண்ணுக்குச் செய்யற கொங்குச் சீர்) எப்ப ஆச்சு? ஆடி நோம்பிக்கு (பண்டிகைக்கு) தூரி, அதாவது ஊஞ்சல், எந்த மரத்தில் கட்டினாங்க, எத்தனை வயசு வரைக்கும் ஆடினாங்க? பூப்பறிக்கற நோம்பிக்கு யாரு யாரு கூடப் போனாங்க? சிறுவாட்டுக் காசை எங்க முடிஞ்சு வெச்சிருந்தாங்க, அதில் முதமுதலா என்ன வாங்கினாங்க? யாரை என்ன பட்டப்பேர் வெச்சுக் கூப்பிட்டாங்க? கோவம் வந்தா என்ன சொல்லித் திட்டுவாங்க? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தான் எல்லாரும் சிரிச்சுட்டே பதில் சொல்லுவாங்க, முன்னாடியே கேட்டுருங்க. ஒரு ஆள்கிட்ட முக்கால் மணிக்கு மேல உக்காராதீங்க. இரண்டு பேரைச் சேத்து உக்கார வெச்சா ஒருத்தர் விட்டதை இன்னொருத்தர் எடுப்பார். மூணு பேர்னா சண்டை வரும்.

பேச்சை அப்படியே எழுதுங்க. "என்ற சாமி", "அக்கட்டால போ", "சித்தெ இரு", "வெடியால வா"ன்னு அவங்க சொல்லியிருந்தா அதுவே வரணும். "என்னுடைய செல்வமே, சற்று இரு"ன்னு யாரோ திருத்தினா அது வேற யாரோ பாட்டி ஆயிரும். மலரின் கடைசியில் இரண்டு பக்கம் அவங்க வாயில் வந்த சொல்லுக்கு ஒதுக்குங்க: ஒறம்பரை, வெசனம் (கவலை), மொளசாறு (ரசம்), ஆசாரம் (முன்கூடம்), அட்டாரி (பரண்), பொடக்காளி (புழக்கடை) மாதிரி. பெங்களூரில் பொறந்த கொள்ளுப் பேத்திகளுக்குப் பக்கத்தில் பொருள் போட்டாத்தான் புரியும்.

பாட்டு: தாலாட்டும் கும்மியும் கேசட்டில் இருந்தா எழுதறவர் ஒருத்தர், சரிபாக்கறவர் ஒருத்தர்னு இருக்கணும். காதில் விழாத சொல்லைச் சொந்தமா நிரப்பாதீங்க, மூணு புள்ளி வெச்சு விடுங்க. ஒப்பாரி கிடைச்சா சேக்கறதா இல்லையான்னு பெரியவங்ககிட்டக் கேட்டுக்குங்க. நோம்பி நாளில் வீட்டில் படிக்கிற புத்தகத்தில் அது இருக்கறதைச் சிலபேர் விரும்ப மாட்டாங்க.

வம்சப் பக்கம் போடறப்ப இரண்டு சங்கதி. ஒண்ணு, புகுந்த வீட்டுக் கூட்டத்தை (குலப் பிரிவை) மட்டும் எழுதிட்டு, பொறந்த வீட்டுக் கூட்டம், குலதெய்வம், ஊரை விட்டுருவாங்க. இரண்டு தலைமுறை போனா அது யாருக்கும் தெரியாமப் போயிரும். அப்பத்தாவோட அம்மா பேரும், அந்த அம்மா பொறந்த ஊரும் கிடைக்குதான்னு பாருங்க. அதுக்கு மொய் நோட்டு தான் சாட்சி. கல்யாண நாள், மொய் வெச்சவர் பேர், ஊர் வரிசையா இருக்கும். மாமன் மொய் எந்த ஊரிலிருந்து வந்துதோ அது தான் அவங்க பொறந்த வீட்டு வழி. இரண்டு, மாமன் மகள், அத்தை மகன்னு கட்டின குடும்பத்தில் ஒரே ஆள் வம்சக் கொடியில் இரண்டு இடத்தில் வருவார். கணினியில் போட்டா இரண்டு ஆளாக் காட்டும், எண்ணிக்கையும் ஏறிரும். ஆளுக்கு ஒரு நம்பர் குடுத்து, இரண்டாவது இடத்தில் நம்பர் மட்டும் போடுங்க. தாத்தா பேரையே பேரனுக்கு வெச்சிருப்பாங்க, அதுக்கும் நம்பர் தான் வழி.

---

வலசுக்காரன்:

ரொம்ப நன்றிங்க. நேத்து ராத்திரி பத்திரங்களைப் பிரிச்சதில் 1958, 1963, 1971னு மூணு கிடைச்சுது. வயசு 27, 33, 40னு இருக்குது. 1930-31 வாக்கில் தான் வருது. பெரியப்பாவும் ஒத்துக்கிட்டார்.

இப்ப புதுசா ஒண்ணு. மகன் வழிப் பேரன்மார் தலைப்பில் "அப்பத்தா"ன்னு போடணும்ங்கறாங்க, மகள் வழிக்காரங்க "எங்களுக்கு அம்மாயி தானே"ங்கறாங்க. அப்புறம் அச்சுக்கு எத்தனை பக்கம், என்ன தாள்னு யாராச்சும் சொன்னா நல்லது. தலைத்திதி அன்னிக்கு 200 பேருக்கு அப்பத்தா கைப்பக்குவத்தில் அரிசிம்பருப்பும் (அரிசியும் பருப்பும் சேத்து வேக வெச்ச சோறு) கச்சாயமும் (எண்ணெயில் சுடற இனிப்புப் பலகாரம்) போடலாம்னு யோசனை.

---

அச்சுக்காரர்:

தலைப்பில் அவங்க பேரைப் போடுங்க. முறைப்பேர் எதுவும் வேண்டாம். உள்ளே ஒவ்வொரு கட்டுரைக்கும் அடியில் எழுதினவர் பேரும் "மூத்த மகளின் இரண்டாவது மகன்" மாதிரி உறவும் இருந்தா, அவரவர் அப்பத்தான்னோ அம்மாயின்னோ எழுதிக்கலாம். படக் குறிப்பில் மட்டும் கண்டிப்பா பேர் தான், "அப்பத்தாவும் சித்தப்பாவும்"னு போட்டா படிக்கறவருக்கு எந்தச் சித்தப்பான்னு தெரியாது.

பக்கம் நாலின் மடங்கா இருக்கணும். நடுவில் பின் அடிக்கிற மலர்னா 48 பக்கம் அழகா நிக்கும். 64க்கு மேல போனா நடுப்பக்கங்கள் வெளியே தள்ளும், அப்பப் பசை பைண்டிங் தான். ஏ5 அளவு, உள் தாள் 90 ஜிஎஸ்எம் (தாளோட கன அளவு) மேப்லித்தோ, படம் அதிகமான நடுப் பதினாறு பக்கம் மட்டும் 130 ஆர்ட் தாள் (வழவழப்பான தாள்), அட்டை 250 அல்லது 300. வயசானவங்க படிக்கணும், எழுத்து 13 பாயிண்டுக்குக் குறையாம வையுங்க. 150 பிரதிக்கு டிஜிட்டல் அச்சு போதும். ஆஃப்செட்டுக்குப் பிளேட் செலவு கட்டுப்படி ஆகாது.

கெடறது எங்கன்னா எழுத்துருவில். நீங்க செல்போனில் யூனிகோடில் அடிச்சுக் குடுப்பீங்க, டிடிபிகாரர் பழைய எழுத்துருவுக்கு மாத்துவார். மாத்தறப்ப கொம்பு பிரியும், "கொ" இரண்டாகும், "ஸ்ரீ" காணாமப் போகும். அதனால பிரூஃபை (அச்சுக்கு முன்னாடி திருத்தறதுக்குக் குடுக்கற படியை) செல்போனில் பாக்காதீங்க. தாளில் அடிச்சு வாங்கி, ஒருத்தர் உரக்கப் படிக்க இன்னொருத்தர் கையெழுத்துப் பிரதியை வெச்சுப் பாக்கணும். பேர், ஊர், இனிஷியல், தேதி நாலுக்கும் தனியா ஒரு சுற்று. மலரில் வர்ற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவங்க பக்கத்தை மட்டும் அனுப்பி "சரி"ன்னு எழுத்தில் வாங்கிருங்க. ஒரு மருமகள் பேர் விட்டுப் போச்சுன்னா 150 பிரதியும் அட்டாரிக்குத் தான் போகும்.

பாட்டுக்குக் கியூஆர் கோடு போடறதா இருந்தா நேரடி இணைப்பை வெச்சே உருவாக்குங்க. இலவசமா "மாத்தக்கூடிய" கோடு குடுக்கற தளங்களில் சோதனைக் காலம் முடிஞ்சதும் கோடு செத்துரும், அச்சடிச்ச மலரைத் திருத்த முடியாது. பாட்டை ஏத்தி வெச்ச இணைய டிரைவ் கணக்கு யார் பேரில் இருக்குதோ அவர் கடவுச்சொல்லை இன்னொருத்தருக்கும் குடுத்து வெக்கணும். ஒரு பிரதி பென் டிரைவில் வேற ஊரில் இருக்கட்டும்.

வம்சப் பக்கத்தில் உயிரோட இருக்கறவங்க போன் நம்பர், முழுப் பிறந்த தேதி போடாதீங்க. கண்டவங்க கைக்கும் போகும். வருஷம் போதும்.

காலக்கெடு: எழுத்துச் சேகரிக்க 6 வாரம், படம் 3 வாரம் (இது கூடவே ஓடலாம்), வடிவமைப்பு 3 வாரம், பிரூஃப் 2 வாரம், அச்சு 1 வாரம். திதி நாளை முதலில் குறிச்சுக்குங்க. இங்கிலீஷ் தேதி வேற, ஐப்பசி மாசம் அந்தப் பட்சத்தில் அந்தத் திதி வர்ற நாள் வேற. பத்து நாள் முன்னாடியே வந்துரலாம், இரண்டு வாரத்துக்கு மேல தள்ளியும் போகலாம். இறந்த தேதியை வெச்சு அச்சகத்துக்குக் கெடு சொன்னவங்க கடைசியில் ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கறது தான் நடக்கும்.

---

பழந்தாள்:

சின்னதா ஒண்ணு. வயசு 1930-31னு ஆயிட்டதால, ஆயிரம் பிறை கண்டவங்கன்னு தைரியமா எழுதலாம். 1000 பிறைக்கு 80 வருஷம் 10 மாசம் தான் கணக்கு. அவங்க அதையும் தாண்டி இன்னும் 150 பிறைக்கு மேல பாத்திருக்காங்க.

---

அண்டாச்சோறு:

படையலுக்கு வெங்காயம், பூண்டு சேக்கறது வீட்டுக்கு வீடு மாறும், அதைப் பங்காளிப் பெரியவர்கிட்டக் கேட்டுக்குங்க. நான் சொல்றது பந்திக்கு.

200 பேருக்கு, கூட ரசமும் தயிர்ச் சோறும் இருக்குதுன்னா: புழுங்கலரிசி 20 கிலோ, துவரம்பருப்பு 6 கிலோ, சின்ன வெங்காயம் 5 கிலோ, பூண்டு 1 கிலோ, தக்காளி 4 கிலோ, தேங்காய் 10, வரமிளகாய் கால் கிலோ, சீரகம் 200 கிராம், மிளகு 100 கிராம், கடலெண்ணெய் 2 லிட்டர், மஞ்சள்தூள், கடுகு, கறிவேப்பிலை. சீரகம், மிளகு, பூண்டில் பாதியைத் தட்டிப் போடணும், நைஸா அரைச்சா வாசம் வேற ஆயிரும். உப்பு முக்கால் கிலோவில் ஆரம்பிச்சு ருசி பாத்துக் கூட்டுங்க.

20 கிலோவையும் ஒரே அண்டாவில் ஏத்தாதீங்க. பருப்பு அடியில் படிஞ்சு, அரிசி வேகறதுக்குள்ள தீயும். பத்துப் பத்தா இரண்டு அண்டா. பருப்பை முதலில் முக்கால் வேக்காடு வேக வெச்சுட்டுத் தான் ஊறின அரிசி போடணும். அரிசியும் பருப்பும் சேந்து ஒரு பங்குக்குத் தண்ணி மூணு பங்கு, பருப்பு வெந்த தண்ணியும் அதில் சேத்தி. தண்ணி சுண்டி அரிசி தலை காட்டறப்ப விறகை இழுத்துட்டு, தட்டத்து மேல தணல் போட்டு 20 நிமிஷம் விடுங்க. அதுக்கப்புறம் கரண்டி போட்டுக் கிளறினா குழையும். பந்திக்கு அரை மணி முன்னாடி இறக்கினா போதும், சீக்கிரம் செஞ்சா இறுகிக்கும். மேல நெய்.

மலருக்குப் பக்குவம் எழுதறப்ப ஒரு சங்கதி. "ஒரு கை", "கண்ணளவு"ன்னு மருமகள் சொல்லுவாங்க. அவங்க கையில் மூணு தடவை எடுக்கச் சொல்லித் தராசில் போட்டு, சராசரி எழுதுங்க. அப்பத்தா வெச்சிருந்த டம்ளர், உழக்கு எதுவோ அதில் தண்ணி ஊத்தி எத்தனை மில்லின்னு அளந்துக்குங்க. ஒரு படிக்கு எட்டு ஆழாக்குங்கறது கணக்கு, வீட்டு உழக்கு அப்படியே இருக்காது.

கச்சாயம்: பச்சரிசி 1 கிலோ மூணு மணி நேரம் ஊற வெச்சு, தண்ணியை வடிச்சு, முக்கால் கிலோ வெல்லமோ கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையோ போட்டு ஆட்டணும். சர்க்கரையே தண்ணி விடும், தனியாத் தண்ணி ஊத்தறது தான் எல்லாரும் செய்யற தப்பு. ஏலக்காய் ஆறு. மாவு கரண்டியிலிருந்து தொப்புன்னு விழணும், ஓடக் கூடாது. ஓடினா தட்டையாகி எண்ணெய் குடிக்கும், கொஞ்சம் பச்சரிசி மாவு சேத்துச் சரி பண்ணலாம். சர்க்கரை கூடிப்போனா எண்ணெயில் பிரிஞ்சு நூல் நூலாப் போகும், அதுக்கும் அரிசி மாவு தான். தீ மிதமா இருக்கணும், வேகமா எரிஞ்சா மேல கறுத்து உள்ள மாவா இருக்கும். ஒரு கிலோவுக்கு 40, 45 வரும். ஆளுக்கு ஒண்ணரைன்னு வெச்சா 7 கிலோ.

---

வலசுக்காரன்:

அத்தை சொல்றாங்க, அப்பத்தா கச்சாய மாவை ராத்திரியே ஆட்டி வெச்சுருவாங்களாம். அப்படி வெக்கலாமுங்களா, புளிக்காதா?

---

அண்டாச்சோறு:

வெக்கலாமுங்க. சர்க்கரை சேந்த மாவு ஒரு ராத்திரிக்குப் பெருசாப் புளிக்காது. கச்சாயம் இன்னும் மெத்துனு தான் வரும். ஆனா வெயில் காலத்தில் ஆறு மணி நேரத்துக்கு மேல வேண்டாம். வெளியிலயே வெக்கறதா இருந்தா அகலமான பாத்திரத்தில் பாதிக்கு மேல ஊத்தாதீங்க, காலையில் பொங்கியிருக்கும். விடிஞ்சதும் மாவு இளகியிருக்கும், அதனால ராத்திரி ஆட்டறப்பவே கொஞ்சம் கெட்டியா ஆட்டச் சொல்லுங்க. ஒரு கச்சாயம் போட்டுப் பாத்துட்டு மிச்சத்தை ஆரம்பிங்க.